கேள்வியின் பதம்

‘ஓட்டுப் போட்டீர்களா?’ இரண்டே சொல்லில் கேட்டு முடித்துவிடலாம். அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வின் பேட்டியாளர் அப்படிக் கேட்பதில்லை. ஜனாதிபதித் தேர்தல் முடிந்த பிறகு, முன்பு பேசிய அதே ஆட்களிடம் மறுபடி போகிறார். அவர் கையில் இருக்கும் தாளில் உள்ளதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘தேர்தலைப் பற்றிப் பலரிடமும் பேசும்போது பார்க்கிறோம், நிறையப் பேருக்கு ஓட்டுப் போட முடியாமல் போயிருக்கிறது. பெயர் பதிவாகாமல் இருந்திருக்கும், உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், இல்லையென்றால் நேரம் கிடைத்திருக்காது. உங்களுக்கு எப்படி?’ இவ்வளவுக்கும் பிறகுதான் கேள்வி வருகிறது.

கருத்துக்கணிப்பு என்றால் எல்லோரும் முடிவைத்தான் வாசிக்கிறார்கள். எனக்கு வினாத்தாளை வாசிக்கத்தான் ஆசை. பள்ளியில் ஒரு பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்வார்களே, அந்தப் பழக்கத்தில் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கிடைக்கிறது.

‘பலரிடமும் பேசும்போது பார்க்கிறோம்’ என்று தொடங்குவதைப் பாருங்கள். எதிரில் இருப்பவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேச்சு ஊராரைப் பற்றியது. அடுத்தது ‘நிறையப் பேர்’. ஓட்டுப் போடாதவர் தனியாள் இல்லை, துணைக்கு ஒரு கூட்டமே உண்டு. அதற்கும் மேல் ‘முடியாமல் போயிருக்கிறது’. தமிழில் இதன் படிகளை நன்றாகக் காட்டலாம். ‘போடவில்லை’ என்றால் குற்றம் என் மேல். ‘போட முடியவில்லை’ என்றால் பாதி என் மேல், பாதி சூழ்நிலை மேல். ‘போட முடியாமல் போய்விட்டது’ என்றால் யார் மேலும் இல்லை. ஆங்கில மூலத்தில் ‘போடவில்லை’ இல்லை, ‘போட இயலவில்லை’ என்னும் பொருள்தான். கேட்பவரே ஒரு படி இறங்கி வந்து, பதில் சொல்பவர் தலைகுனியாமல் உண்மையைச் சொல்ல வழிவிட்டு நிற்கிறார்.

அந்த மூன்று காரணங்களும் வெறும் சாக்குகள் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த நாட்டின் அரசியல் வரலாறு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது அங்கே பெரும்பாலும் குடிமகனின் பொறுப்பு. வீடு மாறினால் மறுபடி கவனிக்க வேண்டும். சில மாநிலங்களில் தேர்தலுக்கு 30 நாளுக்கு முன்பே பதிவை முடித்துவிடுகிறார்கள். வாகன ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்திலேயே வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததே 1993இல்தான். இதையெல்லாம்விடக் கனமான நினைவு ஒன்று அந்தச் சொல்லில் இருக்கிறது. 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்பு மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் பதிவு பெற்றிருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு முதியவர் ‘பதிவு இல்லை’ என்று சொன்னால், எழுத்தறிவுத் தேர்வு, தேர்தல் வரி, அலுவலக வாசலில் நின்ற மிரட்டல் எல்லாமே அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கும்.

‘நேரம் கிடைத்திருக்காது’ என்பதும் சும்மா வந்த சொல் இல்லை. நவம்பர் மாதத்தின் முதல் திங்களை அடுத்து வரும் செவ்வாய்தான் தேர்தல் நாள் என்று 1845இல் சட்டம் செய்தார்கள். குதிரை வண்டியில் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருந்த உழவர்களுக்கு அந்தச் செவ்வாய் வசதியாக இருந்தது. இன்று அது முழு வேலை நாள். இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய் ‘நேரமில்லை’ என்று சொன்னால் அது சோம்பலாகாது. வாக்கியத்தை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

இத்தனை இதமாகக் கேட்டும், போடாத ஓட்டைப் போட்டதாகச் சொல்பவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். யாருக்கு ஓட்டு என்பது அங்கே ரகசியம், ஆனால் ஓட்டுப் போட்டாரா இல்லையா என்பது அரசு ஆவணத்தில் இருக்கும். ஆய்வாளர்கள் 1964 முதல் சில தேர்தல்களில் அந்த ஆவணங்களோடு பதில்களை ஒத்துப் பார்த்தார்கள். 2008இல் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் அளவில்தான் வாக்களித்தார்கள், ஆய்விலோ முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்ததாகச் சொன்னார்கள். பேட்டிக்கு இசைபவர்களே ஓட்டுப் போடும் பழக்கமும் உள்ளவர்களாக இருப்பது ஒரு காரணம், நினைவு இன்னொரு காரணம். நான்கு தேர்தலில் போட்டவருக்கு ஐந்தாவதிலும் போட்டதாகவே தோன்றும். இதைப் பொய் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. மதிப்பில்லாத ஒன்றைச் செய்ததாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

ஆய்வாளர்களும் அதைப் பொய் என்று எண்ணிக் கிடுக்கிப்பிடி போடவில்லை. இன்னும் இதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். பதிலுக்கு நான்கு வாசல் வைத்தார்கள். ‘நான் ஓட்டுப் போடவில்லை.’ ‘இந்த முறை போடலாம் என்று நினைத்தேன், போடவில்லை.’ ‘வழக்கமாகப் போடுவேன், இந்த முறை போடவில்லை.’ ‘நான் ஓட்டுப் போட்டது நிச்சயம்.’ நடுவில் உள்ள இரண்டையும் படிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. நினைத்ததற்கும் ஓர் இடம், வழக்கத்துக்கும் ஓர் இடம். நல்ல குடிமகன் என்ற பெயரை விட்டுக்கொடுக்காமலே ‘போடவில்லை’ என்று சொல்லிவிடலாம். கடைசி வாசலில் ஒரே ஒரு சொல் காவல் நிற்கிறது: ‘நிச்சயம்’. அதைக் கேட்டவுடன் மனிதர் ஒரு கணம் நின்று யோசிப்பார். போன செவ்வாய் எங்கே இருந்தோம், வாக்குச்சாவடிக்குப் போனது இந்தத் தேர்தலிலா, அதற்கு முந்தையதிலா? அந்த ஒரு கணம்தான் கேள்வி எழுதியவர்களுக்கு வேண்டியது.

இந்த ஆய்வு பிறந்த இடம் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1948இல் சிறிய அளவில் தொடங்கி, 1952 முதல் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் நடக்கிறது. அப்போதிருந்து கேட்டுவரும் இன்னொரு கேள்வி, கட்சி பற்றியது. ‘பொதுவாகச் சொன்னால், வழக்கமாக நீங்கள் உங்களை ரிபப்ளிகன் என்று நினைத்துக்கொள்வீர்களா, டெமாக்ரட் என்றா, சுயேச்சை என்றா, இல்லை வேறு எப்படி?’ எந்தக் கட்சியில் உறுப்பினர் என்று இது கேட்கவில்லை. கடைசியாக யாருக்குப் போட்டீர்கள் என்றும் கேட்கவில்லை. ‘பொதுவாக’, ‘வழக்கமாக’ என்ற இரண்டு மெத்தைகளை விரித்துவிட்டு, ‘நினைத்துக்கொள்வீர்களா’ என்கிறது. தமிழில் அந்தக் ‘கொள்’ என்ற துணைவினை அழகாகப் பொருந்துகிறது. ஒருவர் தம்மைத் தாமே எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. சென்ற முறை கட்சி மாறி ஓட்டுப் போட்டவரும் கூசாமல் ‘நான் டெமாக்ரட்’ என்று சொல்லலாம். மதம் போல, ஊர் போல, கட்சியும் ஒருவரின் அடையாளமாக இருக்கலாம் என்ற பெரிய கருத்து இந்தச் சின்ன வினைச்சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. 1960இல் ‘தி அமெரிக்கன் வோட்டர்’ என்ற நூலில் ஆங்கஸ் காம்பெல், ஃபிலிப் கான்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ் நால்வரும் அந்தக் கருத்தை விரித்தெழுதினார்கள்.

அந்தக் கடைசி ‘இல்லை வேறு எப்படி?’ எனக்கு மிகவும் பிடித்தது. ஆராய்ச்சித் தாளில் வரும் சொல்லாகவே அது தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுபவர் கேட்பது போல இருக்கிறது. நான் கொடுத்த மூன்று பெட்டிகளில் நீங்கள் அடங்காமலும் இருக்கலாம் என்ற ஒப்புதல் அது. சுயேச்சை என்று சொன்னவரை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. ‘ரிபப்ளிகன் கட்சிக்கு அருகில் இருப்பதாக நினைக்கிறீர்களா, டெமாக்ரட் கட்சிக்கா?’ என்று இன்னொரு கேள்வி மெல்ல வரும். தம்மைச் சுயேச்சை என்றவர்களில் பெரும்பாலோர் அப்போது ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அவர்கள் ஓட்டும் பெரும்பாலும் அந்தச் சாய்வின் வழியே போகும். ‘சேர்ந்தவரா’ என்றால் இல்லை என்பவர், ‘அருகிலா’ என்றால் ஆம் என்கிறார். ஒரு மனிதரிடம் இரண்டு தூரத்திலிருந்து கேட்டால் இரண்டு உண்மை கிடைக்கிறது.

ஜனாதிபதி பற்றிய கேள்வியில் வேறொரு நுட்பம். ஜார்ஜ் கேலப் நிறுவனம் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து கேட்டுவருவது, ஜனாதிபதி தம் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா என்பதுதான். ஆளைப் பிடிக்கிறதா என்ற பேச்சே இல்லை. இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்று 1998 டிசம்பரில் தெரிந்தது. பிரதிநிதிகள் சபை பில் கிளிண்டன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றிய அதே வார இறுதியில் கேலப் கணிப்பில் நூற்றுக்கு 73 பேர் அவர் வேலையை ஏற்பதாகச் சொன்னார்கள். அவர் பதவிக்காலத்திலேயே அதுதான் உச்சம். அவருடைய நடத்தையை மெச்சாதவர்களும் அந்த 73இல் இருந்தார்கள். ஆள் வேறு, வேலை வேறு என்று பிரித்துப் பார்க்க மக்களுக்குத் தெரிந்திருந்தது, கேள்வியும் பிரித்தே கேட்டது.

கருத்து இல்லாதவரை எப்படிக் கேட்பது? இங்கேதான் நாகரிகம் மிகவும் வேண்டியிருக்கிறது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பிஷப்பும் உடன் ஆய்வாளர்களும் 1970களின் இறுதியில், 1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை நீக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. மூன்றில் ஒருவர் அளவுக்கு அதைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். இதைச் சொல்லி மக்களை எள்ளுவது எளிது. எனக்கு வேறாகத் தோன்றுகிறது. முன்பின் தெரியாதவர் மதித்து ஒன்றைக் கேட்கிறார், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற விருந்தோம்பல் போன்ற ஒன்று அந்தப் பதில்களில் இருக்கிறது. பெயரை வைத்து எதுவாக இருக்கும் என்று ஊகித்து, தமக்குத் தெரிந்த அளவில் உதவப் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்டவரின் சுமையைத்தான் மிச்சிகன் வினாத்தாள் இறக்கிவைத்தது. அரசு எந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது போன்ற கேள்விகளில், ‘சிலர் இப்படி நினைக்கிறார்கள், வேறு சிலர் அப்படி நினைக்கிறார்கள்’ என்று இரு பக்கத்தையும் சொல்லி, ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணிட்ட கோட்டைக் காட்டி, ‘நீங்கள் எங்கே நிற்பீர்கள்?’ என்பார்கள். கூடவே அதே மூச்சில், ‘இல்லை, இதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லையா?’ ‘தெரியவில்லை’ என்று சொல்வதற்கும் ‘யோசித்ததில்லை’ என்று சொல்வதற்கும் எத்தனை தூரம்! முன்னது அறிவின் குறை. பின்னது நேரத்தின், அக்கறையின் கணக்கு. பிள்ளைகளை வளர்த்து, கடன் அடைத்து, வேலைக்கு ஓடுகிற ஒருவர் சுகாதாரக் காப்பீட்டுக் கொள்கையைப் பற்றி யோசிக்காதது இழுக்கல்ல என்று அந்தத் தாள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

1964இல் அந்த ஆய்வுக்குள் வெப்பமானி ஒன்று வந்தது. ஓர் அட்டையில் வெப்பமானியின் படம். ஒரு தலைவரையோ ஒரு குழுவையோ சொன்னால், 0 முதல் 100 டிகிரிக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். 50க்கு மேல் போனால் அன்பு, கீழே இறங்கினால் வெறுப்பு, சரியாக 50 என்றால் வெப்பமும் இல்லை குளிரும் இல்லை. தமிழ் மனத்துக்கு இந்தக் கருவி முதலில் பிடிபடாது. நமக்கு மகிழ்ந்தால் மனம் குளிர்கிறது. பிடித்தவரைக் கண் குளிரப் பார்க்கிறோம். பிள்ளை நன்றாக இருந்தால் பெற்ற வயிறு குளிர்கிறது, ஆகாதவர் நன்றாக இருந்தால் வயிறு எரிகிறது. பாதரசத்தைத் தலைகீழாகத் திருப்பினால்தான் நமக்கு விளங்கும். ஆனால் அந்த அட்டை உருவான மிச்சிகனில் ஜனவரி மாதம் ஏரிகள் உறைந்து கிடக்கும். அங்கே கணப்பைச் சுற்றி உட்காரும் வெதுவெதுப்புதான் அன்புக்குப் பெயராக முடியும். ஒரு வினாத்தாள் தான் பிறந்த ஊரின் தட்பவெப்பத்தைத் தன்னுள் வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அதே வெப்பமானிதான் இன்று மிகுந்த வருத்தம் தரும் செய்தியையும் சொல்கிறது. 1970களின் இறுதியில் எதிர்க்கட்சிக்கு அமெரிக்கர்கள் கொடுத்த சராசரி 50க்குச் சற்றுக் கீழே இருந்தது, 2020இல் அது 20ஐ ஒட்டி இறங்கிவிட்டது. சொந்தக் கட்சியின் மீதான அன்பு அதே அளவுக்கு ஏறவில்லை.

சொல்நயம் என்றால் சொல்லை மாற்றிப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். 1940இல் கருத்துக்கணிப்பாளர் எல்மோ ரோப்பர் அதைச் செய்தார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை ‘அனுமதிக்கலாமா?’ என்று ஒரு பாதியிடம் கேட்டபோது 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். ‘தடைசெய்ய வேண்டுமா?’ என்று மறு பாதியிடம் கேட்டபோது 46 சதவீதம்தான் தடைசெய்ய வேண்டும் என்றார்கள். தர்க்கத்தில் இரண்டும் ஒன்று. மனத்தில் ஒன்றல்ல. அனுமதி மறுப்பது வாசலில் நின்று தலையசைப்பது, தடைசெய்வது கையில் தடியை எடுப்பது. தலையசைக்க உடன்பட்டு, தடியெடுக்கத் தயங்கிய அந்தக் கொஞ்சம் பேரை நினைத்தால் எனக்கு அந்த நாட்டின் மீது மதிப்பு வருகிறது. அரசின் நல உதவியைக் குறிக்கும் ‘வெல்ஃபேர்’ என்ற சொல்லின் கதையும் இதே போலத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொதுச் சமூக ஆய்வு 1980களிலிருந்து ஒரு பகுதியினரிடம் ‘வெல்ஃபேருக்கு’ ஆகும் செலவு போதுமா என்றும், மற்றவர்களிடம் ‘ஏழைகளுக்கான உதவிக்கு’ ஆகும் செலவு போதுமா என்றும் கேட்டது. முதல் சொல்லுக்கு, செலவு போதாது என்றவர்கள் நாலில் ஒருவர் அளவுதான். இரண்டாவதற்கு, மூவரில் இருவரை நெருங்கினார்கள். முதல் சொல்லின் மேல் அரசியல்வாதிகள் பல ஆண்டுகளாகப் பூசிய கரி படிந்திருந்தது. இரண்டாவதில் ஒரு பசித்த முகம் தெரிந்தது.

இனி, யாரைக் கேட்பது என்ற விஷயம். 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கு மேல் திரும்ப வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் இரண்டே மாநிலங்கள் தவிர எல்லாவற்றையும் வென்றார். அதைவிட மிகக் குறைவானவர்களை மட்டும் தேர்ந்து கேட்ட கேலப் வென்றவரைச் சரியாகச் சொன்னார். பலமுறை சொல்லப்பட்ட கதை. அதில் நான் ரசிப்பது கேலப் சொல்லிவந்த உவமையை. சூப்பை நன்றாகக் கலக்கிவிட்டால், சட்டி எவ்வளவு பெரிதானாலும் ஒரு கரண்டி போதும் என்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாமும் சொல்கிறோம், ஆனால் கலக்குவதைச் சொல்வதில்லை. ஒரே தீயில் வெந்த சோறு ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கை நமக்கு. தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் பெயர் எடுத்த அந்த இதழ், பானையின் மேல் சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டது. நன்றாகக் கலக்கினால் ஆயிரம் பேரில் 3 சதவீதம் முன்பின் கிடைத்துவிடும். 34 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கும் அதே ஆயிரம்தான், 6 லட்சம் பேர் வாழும் வயோமிங் மாநிலத்துக்கும் அதே ஆயிரம்தான்.

அந்தக் கலக்கல் வீட்டுக்குள்ளும் நடக்க வேண்டும் என்பதை யோசித்தவர் லெஸ்லி கிஷ். ஹங்கேரியிலிருந்து குடியேறியவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போய்ப் போரிட்டவர். கதவைத் திறப்பவரையே கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் இருப்பவர்களின் குரல் மட்டும்தான் சேரும், வெளியே போயிருப்பவரின் குரல் சேராது. அதனால் 1949இல் ஓர் அட்டவணை செய்தார். வீட்டிலுள்ள பெரியவர்களை வரிசைப்படுத்தி எழுதி, அட்டவணை காட்டுபவரிடம் மட்டும் பேச வேண்டும். தொலைபேசி வந்த பிறகு அது கடினமாயிற்று. முகம் தெரியாத ஒருவரிடம் வீட்டில் எத்தனை பேர், என்ன வயது என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அதற்கு அவர்கள் கண்ட வழியைப் பாருங்கள்: ‘உங்கள் வீட்டில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கு? அவரிடம் பேசலாமா?’ புள்ளியியலுக்கு வேண்டிய தற்செயலை ஒரு கேக்கும் மெழுகுவர்த்தியும் கொடுத்துவிட்டன. யாரையும் கணக்கெடுக்கவில்லை, யாரையும் விலக்கவில்லை. பாட்டியாகவும் இருக்கலாம், பதினெட்டு நிரம்பிய பேரனாகவும் இருக்கலாம்.

வாக்குச்சாவடி வாசலிலும் இதே கண்ணியம் உண்டு. வாரன் மிட்டோஃப்ஸ்கி 1967இல் கென்டக்கி ஆளுநர் தேர்தலில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காகத் தொடங்கிவைத்த முறை அது. ஓட்டுப் போட்டுவிட்டு வருபவர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருவரை நிறுத்தி, தாளைக் கொடுத்து, அவரே நிரப்பி, மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். மறுத்துப் போகிறவரையும் மறந்துவிடுவதில்லை. ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, என்ன இனம் என்று பார்த்த அளவில் குறித்துக்கொள்வார்கள். பேசாமல் போனவரின் மௌனத்துக்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டுமே.

அந்த மௌனம் இப்போது பெருகிவிட்டது. பியூ ஆய்வு மையம் 1997இல் தொலைபேசியில் அழைத்தபோது நூற்றுக்கு 36 என்ற அளவில் பேட்டி கிடைத்தது. 2018இல் அது 6 ஆகிவிட்டது. அதனால் மறுபடி தபாலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். வீட்டு முகவரிகளிலிருந்து குலுக்கலில் எடுத்து, கடிதம் போடுகிறார்கள். அந்த உறைக்குள் ஓரிரு டாலர் நோட்டு ஒன்றைப் பல ஆய்வுகளில் முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். பதில் சொன்னால் பணம் தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பதைவிட, முதலிலேயே வைத்து அனுப்பும் சிறு தொகைக்கு மக்கள் கூடுதலாக இசைகிறார்கள் என்று பல முறை சோதித்துக் கண்டிருக்கிறார்கள். பதில் வராவிட்டாலும் நோட்டைத் திருப்பிக் கேட்பதில்லை. அதைக் கூலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது என்போமே, அதுதான் அது. உள்ளே இருக்கும் கடிதம், அந்த வீட்டில் அடுத்ததாக யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவர் பதில் சொன்னால் நல்லது என்று கேட்டிருக்கும். சமையலறை மேசையில் கடிதம் கிடக்கிறது, பக்கத்தில் மடிப்புக் கலையாத புது நோட்டு. வீட்டில் இருப்பவர்கள் மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறார்கள்: அடுத்தது யாருக்கு?